கடைசி மூன்றரைக் கிலோ ஏன் இறங்க மறுக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 39, உயரம் 158 செ.மீ. கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. 14 மாதங்களுக்கு முன் 74 கிலோ இருந்தேன். சாதத்தைக் குறைத்து, தினமும் காலையில் 45 நிமிடம் நடந்து 61.5 கிலோவுக்கு வந்துவிட்டேன். இலக்கு 58. ஆனால் ஏழு வாரமாக 61, 62 என்று அங்கேயே நிற்கிறது. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சாதம், குழம்பு, பொரியல், இரவு இரண்டு சப்பாத்தி. ஆப்பில் போட்டால் 1,200 கலோரிதான் காட்டுகிறது. சனி, ஞாயிறு மட்டும் கொஞ்சம் தளர்வு. தைராய்டு நான்கு மாதம் முன்பு பார்த்தபோது சரியாக இருந்தது. சர்க்கரை, பிரஷர் இல்லை. உடம்பு ‘பட்டினி நிலை’க்குப் போய்விட்டது என்கிறாள் தோழி. இரவுச் சாப்பாட்டை விட்டுவிடலாமா? நடையை இரண்டு மடங்காக்கலாமா? இப்போது வந்திருக்கும் எடை குறைக்கும் ஊசி உதவுமா? முடி வேறு கொட்டுகிறது.
– ஈரோடு வாசகி

பதில்:

மூன்று கேள்விகளுக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள். நடையை இரண்டு மடங்காக்க வேண்டாம். ஊசி உங்களுக்கானது அல்ல.

14 மாதத்தில் உங்கள் எடையில் ஆறில் ஒரு பங்கை இறக்கியிருக்கிறீர்கள். அவசரப்படாமல், முறையாகத்தான் செய்திருக்கிறீர்கள். இப்போது நிற்பதற்குக் காரணம் உடம்பு பழுதானதல்ல. 74 கிலோவில் உடலின் கலோரிச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே தாராளமான இடைவெளி இருந்தது, 61.5-இல் அது சுருங்கிவிட்டது. அன்று கண்டுகொள்ளாமல் விட்ட நான்கு தேக்கரண்டி எண்ணெய், இன்று அந்த இடைவெளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் எண்களாகவே தருகிறேன். 1990-இல் வெளிவந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. பெண்களுக்கு அது இப்படி: எடையை 10-ஆல் பெருக்குங்கள், உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கையும் 161-ஐயும் கழியுங்கள். சும்மா படுத்திருந்தாலே உடல் ஒரு நாளில் செலவழிக்கும் கலோரி கிடைக்கும். 74 கிலோவில் உங்களுக்கு அது சுமார் 1,370. இப்போது சுமார் 1,245. உட்கார்ந்த வேலை, காலை நடை இரண்டையும் சேர்த்து 1.4-ஆல் பெருக்கினால் அன்று 1,920, இன்று 1,745. அதாவது எதையும் மாற்றாமலே நாளொன்றுக்கு 175 கலோரி செலவு குறைந்துவிட்டது. இதற்கு மேல், எடை இறங்கிய உடல் கொஞ்சம் சிக்கனமாகவும் மாறும். தூக்கும் பாரம் குறைவு. கை கால் அசைவுகளும் நமக்குத் தெரியாமலே குறையும். அதையும் கழித்தால் இன்றைய உங்கள் உண்மைச் செலவு 1,650 வாக்கில் இருக்கும். சூத்திரம் ஒருவருக்குப் பத்து சதவீதம் முன்னே பின்னே போகலாம். ஆனாலும் தொடங்குவதற்கு இந்த எண் போதும்.

இனி ‘பட்டினி நிலை’. சிக்கனம் உண்மை, ஆனால் கொழுப்புக் கரைவதையே நிறுத்திவிடும் அளவுக்கு அது போவதில்லை. 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வில் 36 ஆண்கள் 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருந்தார்கள். உடலின் செலவு வெகுவாக இறங்கியது உண்மைதான். அப்படியும் அவர்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள். நீங்கள் அந்த நிலைமைக்குப் பக்கத்தில்கூட இல்லை. எடை குறையும்போது உண்மையில் பலமாக வேலை செய்வது பசி. குறைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் செலவு நாளுக்கு 20–30 கலோரி குறைகிறது. பசியோ நாளுக்கு 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்று கெவின் ஹால் குழுவின் 2016 ஆய்வு கணக்கிட்டது. உங்களை நிறுத்தி வைத்திருப்பது செலவுப் பக்கம் மட்டுமல்ல. வரவுப் பக்கம் சத்தமில்லாமல் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் சராசரியாக 1,200 கலோரிதான் சாப்பிட்டிருந்தால், நாளுக்கு 450 கலோரி பற்றாக்குறை. 49 நாளில் 22,050. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்தால் கிட்டத்தட்ட 2.9 கிலோ இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அப்படியானால் வாரச் சராசரி 1,650-க்குப் பக்கத்தில் வருகிறது என்றுதான் பொருள். ஏமாற்றுகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. “1,200-க்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை” என்று வந்தவர்களை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்கள் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொன்னது தெரியவந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கண் அளவு அப்படித்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி ‘சனி, ஞாயிறு மட்டும் கொஞ்சம் தளர்வு’. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 1,250 வீதம் 6,250. சனியும் ஞாயிறும் 2,700 வீதம் 5,400. மொத்தம் 11,650, ஏழால் வகுத்தால் 1,664. ஐந்து நாள் கட்டுப்பாடு முழுவதும் இரண்டு நாளில் சமனாகிவிடும். 2,700 என்பது விருந்துக் கணக்கும் அல்ல. காலையில் நெய் ரோஸ்ட், மதியம் ஒரு பிளேட் பிரியாணி, மாலையில் பிள்ளைகளோடு இரண்டு பஜ்ஜி, இரவில் சால்னாவோடு இரண்டு பரோட்டா, நடுவில் காபி என்றாலே அந்த எண் வந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் என் ஊகம். சரிபார்க்க 14 நாள் வேண்டும். இந்த 14 நாளும் சாப்பாட்டை மாற்றாதீர்கள். அளந்து எழுத மட்டும் செய்யுங்கள். குறைக்கத் தொடங்கிவிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரியாமலே போய்விடும்.

முதலில் எடை பார்க்கும் முறை. தினமும் காலையில் கழிவறை போய் வந்தபின், தண்ணீர்கூடக் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். இயந்திரம் சமமான டைல்ஸ் தரையில் இருக்க வேண்டும். மிதியடியின் மேலோ, ஆடும் கல்லின் மேலோ வைத்தால் ஒரு கிலோ வரைகூட மாற்றிக் காட்டும். தனி நாள் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வாடவும் வேண்டாம். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, வாரச் சராசரியோடு வாரச் சராசரியை ஒப்பிடுங்கள்.

காரணம், உடலில் தண்ணீர் ஏறி இறங்குவது. உடல் ஒரு கிராம் கிளைகோஜனை (தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் மாவுச்சத்துச் சேமிப்பு) சேமிக்கும்போது அதோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்குகிறது. ஞாயிறு பிரியாணி, ஊறுகாய், அப்பளம் என்று உப்பும் மாவுச்சத்தும் கூடினால் திங்கள் காலை ஒன்று, ஒன்றரைக் கிலோ ஏறிக் காட்டும். புதனன்று இறங்கும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்திலும் அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை நீர் கோத்துக்கொள்ளலாம். இந்த எடையில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய இறக்கமோ வாரத்துக்கு 200 கிராம்தான். ஒன்றரைக் கிலோ ஆட்டத்துக்குள் 200 கிராம் எப்படிக் கண்ணில் படும்? அதனால் மாதவிலக்கு முடிந்த வாரத்தின் சராசரியை அடுத்த மாதம் அதே வாரத்தின் சராசரியோடு ஒப்பிடுங்கள். அப்படிப் பார்த்தும் இரண்டு மாதம் அசையவில்லை, இடுப்பளவும் குறையவில்லை என்றால்தான் அது உண்மையான தேக்கம். ஏழு வாரம் என்பது அந்த எல்லையை நெருங்குகிறது, அவ்வளவுதான்.

இடுப்பளவை வாரம் ஒருமுறை எடுங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். முள் நின்றுபோய் இடுப்பு ஒரு செ.மீ. குறைந்திருந்தால் கொழுப்பு கரைகிறது. தண்ணீர் அதை மறைக்கிறது. எடை மெஷினிலேயே கொழுப்புச் சதவீதம் காட்டுகிறதே என்று கேட்பீர்கள். அது மின்சாரத்தைச் செலுத்தி உடல்நீரை வைத்துப் போடும் கணக்கு; குடித்த தண்ணீருக்கே மாறும். அந்த வரியைப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது சமையலறை. கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பின் ‘ஒரு கப்’ வேறு, உங்கள் வீட்டுக் கப் வேறு. வடித்த சாதம் 100 கிராம் சுமார் 130 கலோரி. லேசாகப் போட்ட ஒரு கப் 150 கிராம் இருக்கும். அமுக்கிக் குவித்தால் அதே கப் 280 கிராம். இரண்டுக்கும் வித்தியாசம் 170 கலோரி. இட்லியும் அப்படியே: சின்னத் தட்டில் வார்த்தது 40 கிராம், பெரிய குழித் தட்டில் வார்த்தது 70 கிராம். முதலாவது 60 கலோரி, இரண்டாவது நூறைத் தொடும். அதன்மேல் பொடியைக் குழைக்கும் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் 90. தேங்காய்ச் சட்னியில் உங்கள் பங்குக்கு 30 கிராம் தேங்காய் விழுந்தால் இன்னும் 105. ‘இரண்டு இட்லி’ 120 கலோரியாகவும் இருக்கலாம், 400 ஆகவும் இருக்கலாம்.

எண்ணெயை ஒவ்வொரு கரண்டியாக அளப்பது எல்லோருக்கும் சேர்த்துச் சமைக்கும்போது நடக்காது. அதற்கு எளிய வழி உண்டு. மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். நாலு பேர் வீட்டில் மூன்றரை லிட்டர் என்றால் ஆளுக்கு நாளுக்கு 29 மி.லி.; சுமார் 240 கலோரி. அதை இரண்டு லிட்டராக்கினால் 17 மி.லி., 140 கலோரி. தட்டில் எதையும் எடுக்காமலே நூறு கலோரி மிச்சம், வீட்டில் எல்லோருக்கும் நல்லது. மாதத் தொடக்கத்தில் அந்த இரண்டு லிட்டரை மட்டும் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்து, தாளிக்க மேசைக்கரண்டிக்குப் பதில் 5 மி.லி. தேக்கரண்டி போடுங்கள். மரச்செக்குக் கடலை எண்ணெய்தானே என்ற சமாதானம் வேண்டாம். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் கிராமுக்கு 9 கலோரிதான். நெய்யும் இந்தக் கணக்கில் சேரும். அரிசிம்பருப்பு சாதத்தில் கடைசியாக ஊற்றுகிறோமே, அந்த நெய்யை ஆப்பில் போட்டவர்கள் குறைவு.

உங்கள் பட்டியலில் காபியும் இல்லை, டீயும் இல்லை. குடிக்காதவர் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட் பால் 100 மி.லி., இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் ஒரு காபி சுமார் 130 கலோரி. அலுவலகத்தில் இரண்டு, வீட்டில் ஒன்று என்று மூன்றாகும்போது 390. 3 சதவீதக் கொழுப்புள்ள நீலப் பாக்கெட் பால், அரைத் தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு வேளை என்று மாற்றினால் 140. நாட்டுச் சர்க்கரையும் தேனும் கணக்கை மாற்றுவதில்லை. காலை வெந்நீரில் கலக்கும் ஒரு மேசைக்கரண்டி தேனே 60 கலோரிக்கு மேல். பிள்ளைகள் மிச்சம் வைத்த அரைத் தோசை, உப்புப் பார்க்கக் கரண்டியில் எடுத்தது, அலுவலகத்தில் யாரோ கொடுத்த பிறந்தநாள் கேக், மாலையில் ஒரு கை வறுத்த கடலை (30 கிராம், 170 கலோரி) எல்லாவற்றையும் எழுதுங்கள். சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். இரவில் நினைவுபடுத்தி எழுதும் கணக்கில் இவைதான் முதலில் விடுபடும்.

14 நாள் முடிந்ததும் மொத்தக் கலோரியை 14-ஆல் வகுங்கள். எடைச் சராசரி அசையாமல் இருந்திருந்தால், அந்த எண்தான் உங்கள் உடலின் உண்மையான அன்றாடச் செலவு. எந்தச் சூத்திரத்தையும்விட இது உங்களுக்குப் பொருத்தமானது. அதிலிருந்து 200–250 கலோரி கழியுங்கள். 1,650 வந்தால் 1,400–1,450. “இப்போதே 1,200 சாப்பிடுகிறேன், நீங்கள் கூட்டச் சொல்கிறீர்களே” என்று தோன்றும். காகிதத்து 1,200-ஐவிட, தட்டில் அளந்த 1,430 குறைவு. நாளுக்கு 250 குறைத்தால் வாரத்துக்கு 225 கிராம் இறங்கும். மூன்றரைக் கிலோவுக்கு நான்கு மாதம். இதைவிட வேகமாக வேண்டாம். கொழுப்பு இருப்பு குறைந்த உடலில் பெரிய வெட்டு வெட்டினால் தசையும் சேர்ந்து போகும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 1,200-க்குக் கீழே போனால் இரும்பு, கால்சியம், புரதம் எதுவும் தேவைக்கு எட்டாது. இரவுச் சாப்பாட்டை விட வேண்டாம் என்பதும் இதனால்தான். விட்ட சாப்பாடு பெரும்பாலும் பத்தரை மணிக்கு மிக்சராகவோ பிஸ்கட்டாகவோ திரும்பி வரும்.

வார இறுதியை ஒழிக்கச் சொல்லமாட்டேன். வாரத்துக்கு 10,000 கலோரி என்று மொத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் 1,350 வீதம் 8,100, ஞாயிறன்று 1,900. பிரியாணி தாராளமாக உள்ளே வரும். அதே நாளில் பரோட்டா வராது. சனிக்கிழமை சாதாரண நாள்தான்.

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரே பிடிவாதம், புரதம். நீங்கள் எழுதிய பட்டியலில் நாளுக்கு 40 கிராமைத் தாண்டாது. எடை குறைக்கும் காலத்தில் தசையைக் காப்பாற்ற, இலக்கு எடைக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.4 கிராம், அதாவது 70–80 கிராம் வேண்டும். (சிறுநீரக நோய் இருப்பவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது.) காலையில் இரண்டு சிறிய இட்லியோடு கெட்டிச் சாம்பார், இரண்டு முட்டை: சுமார் 20 கிராம். மதியம் 50 கிராம் அரிசியை வடித்த சாதம், 30 கிராம் துவரம்பருப்பு, 100 கிராம் மீன், ஒரு கிண்ணம் தயிர்: 35 கிராம். மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலையை ஊற வைத்துச் செய்த சுண்டல்: 6 கிராம். இரவில் 30 கிராம் மாவில் தட்டிய சப்பாத்தி இரண்டு, 70 கிராம் கோழி: 20 கிராமுக்கு மேல். சைவம் என்றால் மீனுக்குப் பதில் 30 கிராம் சோயா உருண்டை (15 கிராம் புரதம், சுமார் 105 கலோரி), கோழிக்குப் பதில் 50 கிராம் பன்னீர், முட்டைக்குப் பதில் 50 கிராம் பச்சைப் பயறை அரைத்து வார்த்த தோசை. பொரியலும் கூட்டும் மதியம் 200 கிராம், இரவு 150 கிராம் இருக்கட்டும். சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளக் காய் என்பதை மாற்றிக் காய்க்குத் தொட்டுக்கொள்ளச் சாதம் என்று வையுங்கள். வயிறு நிறைவதற்கு அது ஒன்றே வழி.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று கொங்கு வீடுகளில் கொள்ளுப் பருப்பு கடைவார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. ஆனால் நூற்றுக்கு 22 கிராம் அளவில் புரதமும் நிறைய நார்ச்சத்தும் உள்ள நல்ல பருப்பு. கடைந்து சாப்பிடுங்கள், சாறு எடுத்துக் குடித்துவிட்டுப் பருப்பைத் தள்ளிவிடாதீர்கள். இரவில் குடிக்கும் சீரகத் தண்ணீர், ஆப்பிள் சீடர் வினிகர் பற்றியெல்லாம் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நடை. சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால், சும்மா இருந்திருந்தால் ஆகும் செலவுக்கு மேல், எடையில் பாதி அளவு கலோரி செலவாகும். நாலு கிலோமீட்டருக்கு 74 கிலோவில் 148, இப்போது 123. இரட்டிப்பாக்கினால் இன்னொரு 120 கலோரி. ஒரு காபியின் விலை! அதற்கு முக்கால் மணி நேரம், முழங்கால் வலி, மாலையில் கூடும் பசி. நடந்து களைத்த நாளில் மற்ற நேரம் அசையாமல் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. கைக்கடிகாரம் 300 கலோரி என்று காட்டினால் நம்பி அதைச் சாப்பிட்டுவிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிழை காட்டியது. மோசமானது 93 சதவீதம். காலை நடை அப்படியே இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் மட்டும் சேருங்கள். தினசரி அடிகள் 2,000 கூடும், அது போதும்.

மிச்சமாகும் நேரத்தைத் தசைப் பயிற்சிக்குக் கொடுங்கள். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், 25 நிமிடம். ஜிம் தேவையில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது 10–12 முறை. சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துப் புஷ்-அப் 8–10. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவது 12. கெட்டித் துணிப்பையில் நாலு கிலோ அரிசி வைத்து, ஒரு கையை மேசையில் ஊன்றி முன்குனிந்து, மறுகையால் பையை விலா வரை இழுப்பது பக்கத்துக்கு 10. ஒவ்வொன்றும் மூன்று சுற்று, சுற்றுக்கு நடுவே ஒன்றரை நிமிட ஓய்வு. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் பையில் ஒரு கிலோ கூட்டுங்கள், அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். அதே எடையில் ஆறு மாதம் செய்வதால் பயனில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் தசையில் நீர் சேர்ந்து எடை அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறலாம். பெரும்பாலானவர்கள் பயிற்சியை விட்டுவிடுவது சரியாக அந்த வாரத்தில்தான். இடுப்பு டேப்பை நம்புங்கள்.

எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. சிகாகோவில் நடந்து 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு குறைந்த கலோரிச் சாப்பாட்டில் எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்த காலத்தில் 1.4 கிலோ கொழுப்புக் குறைந்தது. ஐந்தரை மணி நேரமாகக் குறைத்தபோது அதே ஆட்களுக்கு 0.6 கிலோதான். மற்ற இழப்பு தசைப் பக்கம் போனது. காலை ஐந்து மணி நடைக்காக இரவு பன்னிரண்டு மணித் தூக்கத்தைப் பலி கொடுப்பவராக இருந்தால், நடையை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

14 மாதம் தொடர்ந்து கட்டுப்பாட்டில் இருந்தவருக்கு இன்னொரு வழியும் உண்டு: இரண்டு வாரம் எடையைக் குறைக்க முயலாமல், செலவாகும் அளவுக்கே சாப்பிடுவது. எப்போதும் பசி, எரிச்சல், குளிர் தாங்காமை, சாப்பாட்டைப் பற்றியே நினைப்பு என்றிருந்தால் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் அவசியமில்லை, இடைவேளை விட்டால் எடை வேகமாக இறங்கும் என்பதற்கான சான்றுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. செய்வதானால் இதுவும் அளந்த 1,650-ஆகவே இருக்க வேண்டும், கட்டவிழ்த்துவிட்ட இரண்டு வாரமாக அல்ல. கூடுதல் கலோரியைச் சாதம், பழம், பருப்பில் எடுங்கள். எடை அரைக் கிலோ ஏறும், அது தண்ணீர்.

முடி உதிர்வை அலட்சியப்படுத்த வேண்டாம். எடை வேகமாகக் குறைந்த அல்லது புரதமும் இரும்பும் பற்றாத காலத்துக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டத் தொடங்கும். காரணத்தைச் சரிசெய்தால் சில மாதங்களில் வளர்ந்துவிடும். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டினும் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள். பலர் உடனே பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்குகிறார்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவுகளையே திரித்துக் காட்டும். சாப்பிட்டிருந்தால் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு நிறுத்திவிட்டு, ஆய்வகத்தில் அதைச் சொல்லுங்கள். நான்கு மாதம் முன்பு பார்த்தபோது அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஆமென்றால் டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை) ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

ஊசி விஷயம் சுருக்கமாக. செமாக்ளூடைடு, டிர்செபடைடு மருந்துகள் எடைக் குறைப்புக்குப் பரிந்துரைக்கப்படுவது பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30-க்கு மேல், அல்லது 27-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற நோய் இருந்தால். உங்கள் பி.எம்.ஐ. 24.6. மேலும் செமாக்ளூடைடு நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை அதன் ஆய்வே காட்டியது. மூன்றரைக் கிலோவுக்காகத் தொடங்கும் மருந்தல்ல.

மாதவிலக்கு இரண்டு மாதமாக வரவில்லை, கால் வீங்குகிறது, காரணமில்லாமல் வாரத்துக்கு ஒரு கிலோ ஏறுகிறது, படபடப்பு அல்லது மயக்கம் வருகிறது என்றால் தட்டை அளந்துகொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் புரோப்ரானலால் போன்றவை எடையைக் கூட்டக்கூடும். அப்படி ஏதாவது இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

58 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள்? இந்தியர்களுக்கான வரம்பு பி.எம்.ஐ. 23-க்குக் கீழ், உங்கள் உயரத்துக்கு அது சுமார் 57 கிலோ. ஆகவே 58 தவறான இலக்கல்ல. ஆனால் நம் உடல்வாகில் வயிற்றுக் கொழுப்புத்தான் அதிகம் பேசும். பெண்களுக்கு இடுப்பளவு 80 செ.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுக்கு இன்று 84 என்றால் தொடர்ந்து குறைப்பதில் பொருள் இருக்கிறது. 77 என்றால், 60 கிலோவில் நின்று அதைக் காப்பாற்றுவதும் சரியான முடிவுதான். அந்த அளவை எடுத்துவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

58-ஐத் தொட்ட பிறகு பழைய சாப்பாட்டுக்கு ஒரேயடியாகத் திரும்ப வேண்டாம். ஒவ்வொரு வாரமும் அன்றாட அளவில் 100 கலோரி வீதம் கூட்டி நாளுக்கு 1,600-இல் நிறுத்துங்கள். முதல் பத்து நாளில் அரைக் கிலோ ஏறினால் அது தண்ணீர், விட்டுவிடுங்கள். பயிற்சியும் காலை எடையும் தொடரட்டும். வாரச் சராசரி அடுத்தடுத்து இரண்டு வாரம் 60-ஐத் தாண்டினால், தராசை மறுபடி அலமாரியிலிருந்து எடுத்து 14 நாள் அளந்து எழுதுங்கள்.